விளக்கும் வெப்பமும்

கோப்புகளுக்கிடையே நாளைக் கழிக்கும் எழுத்தர் ஒருவனுக்குப் படகு எஞ்சினைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் வினவக்கூடும். தகுதி ஏதுமில்லை. ஆனால் பிழை செய்தவனுக்கு அப்பிழையை நாலு பேர் அறியச் சொல்லும் கடமை உண்டு. அதையே இங்கு செய்ய முற்படுகிறேன்.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். என் மனைவியின் தமையனார் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இளமையிலேயே இங்கு வந்து, கடலை நம்பி வாழ்பவர். 2018இல் அவர் பழைய மரப்படகு ஒன்றை, அதிலிருந்த பழைய டீசல் எஞ்சினோடு விலைக்கு வாங்கினார். அதற்காக அலுவலகக் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் என் பெயரில் கடன் பெற்றுக் கொடுத்தேன். மாதந்தோறும் என் சம்பளத்தில் பிடித்தம்; மாதந்தோறும் அவர் அத்தொகையைத் தவறாமல் கொண்டுவந்து தருவார். ஆயினும், ‘கொடுத்தவன் நான்’ என்னும் எண்ணம் என்னையறியாமலே என்னுள் வேர்விட்டிருந்தது.

2019 ஜனவரியில் மச்சான் காய்ச்சலில் படுத்தார். எஞ்சின் பெல்ட்டில் வெடிப்பு கண்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். நானே கடைக்குப் போனேன். உரிய பெல்ட் ஒன்றும், அதே நீளத்தில் சற்று ஒல்லியாக, விலை குறைந்த வேறொன்றும் இருந்தன. நீளம் சரியாக இருந்தால் போதாதா? பி.ஏ. படித்தவன் அல்லவா! இரண்டாவதை வாங்கி, இரவல் ஸ்பானரைக் கொண்டு நானே மாட்டியும் விட்டேன்.

இரண்டு வாரம் சென்றது. காலையில் படகை எடுக்கப் போனால் பேட்டரியில் உயிரில்லை. “ராத்திரி விளக்கை அணைக்காமல் விட்டிருப்பீர்கள் மச்சான்” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அவருடைய பணத்தில் புதிய பேட்டரி வாங்கினோம். அதுவும் சில நாளில் சோர்ந்தது. இதற்கிடையே எஞ்சின் சூடேறத் தொடங்கிற்று.

ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மாப்பிள்ளை, ஒண்ணு கவனிச்சேன். பகல்ல அவ்வளவா சூடு ஏறல. பொழுது சாஞ்சு விளக்கைப் போட்டாத்தான் ஏறுது.”

நான் சிரித்தேன். “விளக்குக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று என் மனைவியின் எதிரிலும் மகனின் எதிரிலும் கேட்டேன். அவர் வெற்றிலைப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு அவருடன் தூண்டில் போடச் சென்றேன். இத்தீவுகள் நாட்டின் கிழக்குக் கோடியில் கிடந்தும் கடிகாரம் மட்டும் ஒன்றேயாதலால், அம்மாதத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். திரும்பும் வழியில் இருட்டிற்று, விளக்கைப் போட்டோம். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் காணும் நார்த் பே கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கியது.

அவ்வெஞ்சினில் ஓடும் நீர் இருவகை. உள்ளே நன்னீர் சுற்றிச் சுற்றி வந்து சூட்டை வாங்குகிறது. வெளியிலிருந்து ஒரு பம்பு இழுக்கும் கடல்நீர் அந்நன்னீரைக் குளிர்வித்து, புகையோடு வெளியேறுகிறது. மச்சான் பதறவில்லை. வேகத்தைக் குறைத்தார்; பின்புறம் குனிந்து புகைக்குழாயைப் பார்த்தார். “கடல்தண்ணி நல்லா வருது. சல்லடை அடைக்கல, இம்பெல்லரும் போகல” என்றார். அரைக்குறை ஆராய்ச்சிக்காக நான் கொண்டுபோயிருந்த மீட்டரைப் பேட்டரியில் வைக்கச் சொன்னார். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டியது 12.1 காட்டிற்று. “இப்ப விளக்கை அணைங்க” என்றார். அணைத்தேன். 13ஐத் தாண்டி ஏறிற்று. சற்று நேரத்தில் வெப்பமானியின் முள்ளும் நின்றது.

நான் சிரித்த சிரிப்பு என் தொண்டையில் வந்து முள்ளாக நின்றது.

கப்பல் போகும் வழியில் விளக்கின்றிச் செல்லலாகாது. ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து ஒதுங்கி, நங்கூரமிட்டு எஞ்சினை நிறுத்தினோம். மகனிடம் டார்ச்சைக் கொடுத்து, படகு ஏதேனும் வந்தால் காட்டச் சொன்னார். பையன் தண்ணீர் மூடியைத் தொடப்போனபோது மட்டும் அதட்டினார்: “கொதிக்கையில தொறந்தா ஆவி மூஞ்சியில அடிக்கும்டா!” அவன் கை நடுங்கிற்று, என் கையுந்தான்.

நன்னீர்ப் பம்பையும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. அதன் கப்பிக்கு அருகே கையைக் கொண்டுபோனார், அனல் அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கப்பிப் பள்ளத்தின் அடித்தளம் கண்ணாடி போல் மின்னியது. சுற்றிலும் கரிய ரப்பர்த் தூள். பெல்ட் பள்ளத்தின் இரு பக்கங்களையும் கவ்விப் பிடிக்க வேண்டும். ஒல்லியான பெல்ட் அடியில் போய் உட்கார்ந்து வழுக்குகிறது. விளக்கைப் போட்டதும் ஆல்டர்னேட்டரின் சுமை கூடுகிறது, வழுக்கலும் கூடுகிறது, உடன் சுழலும் தண்ணீர்ப் பம்பும் தளர்கிறது. விளக்குக்கும் சூட்டுக்கும் உள்ள சம்பந்தம் அதுவே. படிக்காதவர் கண்ணால் கண்டதைப் படித்தவன் காதால் கேட்கவும் மறுத்தேன்.

மச்சான் பலகைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பழைய பெல்ட்! “கழட்டினதை எறிஞ்சிட்டா, நடுக்கடல்ல யாரு கடை வச்சிருக்கான்?” என்றார். அதை மாட்டி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இறுக்கினார். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, குறைந்திருந்த நன்னீரை ஊற்றி எஞ்சினைக் கிளப்பினார். மீட்டர் 14ஐத் தொட்டது. விளக்கைப் போட்டோம். வெப்பமானியின் முள் அசையவில்லை.

“மச்சான், அந்தப் பெல்ட் நான் வாங்கியது” என்றேன்.

அவர் கரையின் விளக்குகளைப் பார்த்தபடியே சொன்னார்: “நீளம் சரியாத்தானே இருந்துச்சு மாப்பிள்ளை.”

வைதிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தை அவர் வாயால் கேட்டபோதுதான் குன்றிப்போனேன்.

அன்றிரவு மனைவியின் எதிரிலும் மகனின் எதிரிலும், நான் சிரித்தது தவறு, மச்சான் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டேன். சிரித்தது அவர்கள் எதிரில். ஒப்புவதும் அவர்கள் எதிரில்தானே முறை? பேட்டரியின் விலையை அம்மாதத் தவணையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் முழுத் தொகையையும் கொண்டுவந்தார். என் மனைவிதான் இடைபுகுந்து, பாதியை அண்ணன் கையில் திணித்து அனுப்பினாள்.

அந்த ஒல்லிப் பெல்ட்டை என் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அலுவலகத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு குறைகளை ஒரே மனுவில் எழுதி எவரேனும் நீட்டினால், இப்போதெல்லாம் நான் சிரிப்பதில்லை. இரண்டையும் சுழற்றும் பெல்ட் எது என்று முதலில் தேடுகிறேன். அதை மாட்டியது நானாக இருக்குமோ என்றும் பார்த்துக்கொள்கிறேன்.