வேகத்திற்கும் வேண்டும் அளவு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்)

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. உணவுக்கும் பேச்சுக்கும் பொருந்தும் இம்முதுமொழி மோட்டார் எஞ்சினுக்கும் அப்படியே பொருந்துகிறது. இதை நான் அறிந்துகொண்டது வகுப்பறையில் அன்று. அடையாற்றில் என் பெரியப்பா மகன் நடத்தும் கார் ஒர்க்‌ஷாப்பில்!

விடுமுறை நாட்களில் அண்ணனுக்குக் கூடமாட உதவியாக அங்கே செல்வேன். அடையாற்றிலிருந்து திருவான்மியூரைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. நள்ளிரவில் அங்கே பந்தயம் விட நினைக்கும் இளைஞர்கள், “அண்ணே, நைட்ரஸ் பாட்டில் ஒண்ணு மாட்டிக் கொடுங்க. காசு எவ்வளவு ஆனாலும் சரி” என்று வந்து நிற்பார்கள். “ரோட்டுல ஓடுற வண்டிக்கு நான் மாட்டுறதில்லை தம்பி” என்று அண்ணன் அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பிப் போனவர்களுள் என் வகுப்புத் தோழன் ஒருவனும் உண்டு. ‘இவர் இல்லாவிட்டால் இன்னொருவர்’ என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்காகவும் அவனைப் போன்ற நண்பர்களுக்காகவுமே இக்கட்டுரை.

சிரிப்பூட்டும் வாயு

நைட்ரஸ் ஆக்சைடு நமக்குப் புதியதன்று. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்த வாயு இது. இதை முகர்ந்தால் மகிழ்ச்சி பொங்குவதை ஹம்ப்ரி டேவி எடுத்துச் சொன்னதால் ‘சிரிப்பூட்டும் வாயு’ என்று பெயர் பெற்றது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையின்போது வலி தெரியாமலிருக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர், காற்று மெலிந்த உயரத்தில் பறக்கும் விமானங்களின் எஞ்சினுக்கு இதைச் செலுத்தினர். அந்த வழியில் வந்ததே இன்றைய காரின் நைட்ரஸ் பாட்டில்.

இந்த வாயு எரிபொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. இது தானாக எரிவதில்லை. எஞ்சினின் சூட்டில் உடைந்து பிராணவாயுவைத் தருகிறது. காற்றில் நூற்றுக்கு 21 பங்கே பிராணவாயு. நைட்ரஸ் உடையும்போது கிடைக்கும் கலவையிலோ மூன்றில் ஒரு பங்கு பிராணவாயு! ஆகவே அதிகப் பெட்ரோலை எரிக்க முடிகிறது. வலிமை வருவது அந்த அதிகப் பெட்ரோலிலிருந்துதான். வாயு வெறும் துணைவன்.

பிழைப்பது எங்கே?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அதே ஒரு கிலோவுக்கு நைட்ரஸ் சுமார் 9.5 கிலோ போதும். இக்கணக்கை வைத்தே வாயுவுக்கு ஒரு ஜெட், பெட்ரோலுக்கு ஒரு ஜெட் என்று துளை பார்த்துப் பொருத்துகிறார்கள். பெட்ரோல் குறைந்து வாயு மிகுந்தால் சிலிண்டருக்குள் வெப்பம் எல்லை மீறும். ‘நாக்கிங்’ எனப்படும் தட்டல் ஓசை எழும். சில நொடிகளில் அலுமினியப் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். நம் ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு கூடினால் நிறம் மாறுகிறது. மீண்டும் செய்து பார்க்கலாம். எஞ்சினில் மறுமுறை கிடையாது.

இங்கேதான் நம் சென்னை வெயில் குறுக்கிடுகிறது. பாட்டிலுக்குள் நைட்ரஸ் திரவமாக இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 50 மடங்கு. 36.4 டிகிரியில் அது 72 மடங்காகிறது. அந்த வெப்பநிலையைக் கடந்தால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடும். அழுத்தம் விரைந்து ஏறும். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 டிகிரியும் சாதாரணம். அழுத்தம் ஏறினால் அதே துளை வழியே அதிக வாயு பாயும். பெட்ரோலோ பழைய அளவிலேயே வரும். குளிர் நாட்டுக்காரர் எழுதிய கணக்கை இங்கே அப்படியே நம்பினால் பிஸ்டனுக்குக் கேடுதான்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2025 முதல் நாடெங்கும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாக விற்கப்படுகிறது. அதற்குத் தேவையான காற்று கிலோவுக்குச் சுமார் 13.5 கிலோதான். அதாவது, கலப்பில்லாப் பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் இதை ஊற்றினால் எரிபொருள் பற்றாக்குறை ஏற்படும். எத்தனால் தட்டலைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அளவுப் பிழையை அது மன்னிக்காது.

அறிந்தவர் செய்யும் காவல்

பந்தயக் களத்தில் இதைக் கையாள்வோர் என்னென்ன செய்கிறார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தால் மட்டும், எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 3000 சுற்றைத் தாண்டிய பிறகே வாயு திறக்கும்படி சுவிட்ச் வைப்பார்களாம். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் சுவிட்ச் இன்னொன்று. 50 குதிரைத்திறன் கூட்டினால் தீப்பொறி நேரத்தை 2 டிகிரி பின்தள்ளுவது அவர்களுடைய கைக்கணக்கு. ஓட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறம் பார்ப்பார்கள். பாட்டிலை இறுகக் கட்டி, அழுத்தம் மிகுந்தால் வாயு வெளியேறும் குழாயைக் காருக்கு வெளியே விடுவார்கள். வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவிடமாட்டார்கள். தீயைக் காட்டிப் பாட்டிலைச் சூடாக்குவது தற்கொலைக்குச் சமம் என்றார் அண்ணன். மூடிய அறையில் கசிந்தாலும் ஆபத்தே. காற்றைவிடக் கனமான இவ்வாயு தரையோடு தங்கி மூச்சை அடைக்கும்.

இவ்வளவு காவலும் மிகையோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. 2007 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் மொஹாவியில், விண்கலப் பொறிக்காக இதே வாயுவைப் பாய்ச்சிச் சோதித்தபோது வெடித்து மூவர் மாண்டனர். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். பொறியில் அப்போது தீ மூட்டப்படவும் இல்லை!

வேகத்திற்கும் இடம் உண்டு

வேகத்தை நான் வெறுப்பவன் அல்லன். போர்க்கால விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் கார்ப் பந்தயம் கண்ட ஊர் நம் ஊர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே களம் அமைந்தது. நம் தமிழ்நாட்டு நாராயண் கார்த்திகேயன் 2005-இலும் கருண் சந்தோக் 2010-இலும் உலகின் ஃபார்முலா 1 களத்தில் ஓட்டினர். அவர்கள் வளர்ந்தது களத்தில். அங்கே தீயணைப்போர் உண்டு; மருத்துவர் உண்டு; எதிரே பால்காரர் வரமாட்டார். தெருவிலோ, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே தடுக்கிறது.

நண்பர்களே! பிஸ்டன் உருகினால் வேறு வாங்கலாம். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்து வரும் ஏழை மீனவரின் உயிரை எந்தக் கடையில் வாங்குவோம்? அளவறிந்தவனுக்கு வாயுவும் நண்பன். அறியாதவனுக்கு வெயிலும் பகை. வேகம் வேண்டும், அதற்கு முன் அளவும் இடமும் அறிதல் வேண்டும்!