வாவிக்கரை வழியே – 4: தண்ணீர் வழியாக வந்தவர்கள்

மட்டக்களப்பு நகரத்தை ஓட்டோவில் ஏறிப் பார்க்கிறவர்கள் காசையும் கொடுத்து ஊரையும் தவறவிடுகிறார்கள். சென்ற இதழில் பாசிக்குடாக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி உங்களை விட்டுவந்தேன். அங்கிருந்து காலை பஸ்ஸில் நகரத்துக்கு வந்து இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நடந்தே பார்க்கப்போகிறேன் என்றேன். "வெயில் ஏறட்டும் அண்ணன், மறுகா எங்களத்தான் தேடுவீங்க" என்றார் ஒருவர். கோபமில்லை, பரிதாபம்தான்.

இந்த ஊரின் கிடப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். வாவி கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. சாயும் பக்கம் படுவான்கரை. வயலும் மாடும் அங்கேதான். நகரத்தின் பழைய பகுதி இரண்டிலும் சேராமல் புளியந்தீவு என்ற சிறு தீவில் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும் சற்று நேரத்தில் தண்ணீர் வந்து மறிக்கும், அல்லது ஒரு பாலம் வரும். ரயில் இங்கே எட்டிப் பார்த்தது 1928இல்தான். அதற்கு முன் தூரதேசத்திலிருந்து இங்கு வந்து தங்கள் பெயரை விட்டுப்போனவர்கள் எல்லோரும் தண்ணீர் வழியாக வந்தவர்கள். அவர்களைத் தேடிக்கொண்டு போனால் நகரத்தைப் பார்த்து முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

முதலில் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதம், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கைகோத்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. 1602இலேயே யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்த மாலுமி மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டு, இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டு வந்திருக்கிறான். கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்கள். வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை: வி.ஓ.சி. தமிழ்நாட்டு வாசகர்கள் கப்பலோட்டிய பிள்ளையவர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இதுவும் கப்பல் ஓட்டிய கம்பனிதான், ஆனால் எதிர்த்திசையில்.

1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு கோட்டைக்குப் போர்வேலை குறைந்துபோயிற்று. நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள்தான் இயங்கியது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைந்த தலைமுறைகளுக்குக் கோட்டை என்றால் பீரங்கி ஞாபகம் வராது, வரிசைதான் வரும். எனக்கு அது பிடித்திருந்தது. கயிறு கட்டி மறித்துவைத்த கோட்டைகளைவிட, சனம் குடையோடும் கோப்போடும் ஏறி இறங்கித் தேய்த்த படிகளில்தான் வரலாறு உயிரோடிருக்கிறது. மதிலில் ஏறி நின்றால் கீழே ஒருவர் தோணியில் நின்று வீச்சு வலை எறிகிறார். எறிந்த மூன்று தடவையும் வெறும் வலை. அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

பாலத்தருகே காந்தி பூங்கா, அதையொட்டி நீர்க்கரையில் மட்டக்களப்பு வாயில். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரியின் சிலை அங்கே நிற்கிறது. 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அவரது மிஷனரிக் குழுவின் தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலில் இறந்துபோனார். ஓல்டின் மனைவியும் கப்பலிலேயே இறந்தார். தனியாளாக இந்த ஊருக்கு வந்த ஓல்ட் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். ஓராண்டு நிறையவில்லை, 1815 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறப்பை அவர் வந்த 1814இலிருந்துதான் எண்ணுகிறது. எட்டுப் பத்து மாதம் ஓர் ஊரில் இருந்துவிட்டு இருநூறு ஆண்டுக்கு மேல் நிற்கிற மாதிரி எதையாவது தொடங்கியவர்கள் வேறெங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அடுத்து புனித மிக்கேல் கல்லூரி. 1873இல் தொடங்கியது. மட்டக்களப்பில் கூடைப்பந்து என்றால் இந்தக் கல்லூரியின் பெயர் வரும். அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க இயேசுசபைத் துறவி ஹேபேர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் தன் சாரதியோடு காணாமல் போனார். இன்றுவரை தகவலில்லை. நான் போனபோது இளைஞர்கள் பந்தை வளையத்துக்கு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சீயோன் தேவாலயம் இருக்கும் பக்கமும் போனேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே நடந்த குண்டுத் தாக்குதலை எல்லோரும் அறிவோம். செத்தவர்களில் பலர் சிறுவர்கள். அங்கே நின்று படமெடுக்க மனம் வரவில்லை.

பகல் சாப்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஆசைதான், ஆசிரியர் வெட்டிவிடுவார். சோறு, வாவி நண்டுக் கறி, சொதி, கடைசியில் சட்டித் தயிர். படுவான்கரை எருமைப் பாலில் உறைந்த தயிர் கரண்டியால் வெட்டினால் வெட்டிய இடத்திலேயே நிற்கும். சீனி போட வேண்டுமா, பாணி ஊற்ற வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். இரண்டையும் சொன்னேன்.

அரசடி தாண்டிக் கல்லடிப் பக்கம் நடக்கும்போது ஓட்டோக்காரர் சொன்ன வெயில் ஏறியிருந்தது. வீட்டு வாசலில் பாய் விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "எங்க மனே இந்த வெயிலுக்க நடக்கிறாய்?" என்றார். பாலம் பார்க்க என்றதும் சிரித்தார். தினமும் கடக்கிற பாலத்தைப் பார்க்க வேறு ஒருவன் வருகிறான் என்றால் சிரிப்பு வராதா?

பாலம் இரண்டு. பழையது 1924இன் இரும்புப் பாலம். அப்போதைய தேசாதிபதி வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். இலங்கையின் மிக நீளமான இரும்புப் பாலம் என்று பெயரெடுத்தது. ஒடுங்கிய பாலம்; முன்பெல்லாம் அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கத்து பஸ் காத்துக் கிடக்கும். பக்கத்தில் ஜப்பானியக் கடனுதவியோடு எழுந்த அகலப் பாலம் 2013இல் திறக்கப்பட்டது. லொறியும் பஸ்ஸும் அங்கே இரைகின்றன. பழைய பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் என்றாகிவிட்டது. முதுமையில் ஒரு பாலத்துக்கு இதைவிட மரியாதையான வேலை கிடைக்காது.

மீன் பாடுவது இந்தப் பாலத்தடியில்தான். 1840களில் இங்கே வந்த ஆங்கிலேய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், நிலா இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசைக்கு அதை ஒப்பிட்டார். 1950களில் லாங் என்ற இயேசுசபைப் பாதிரியார் அதை ஒலிப்பதிவே செய்தார். பாடுவது மீனா, ஊரியா, கல்லிடுக்கில் ஓடும் நீரா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. தூண்டில்காரர் ஒருவரிடம் கேட்டேன். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்றார். நீங்கள் கேட்டீர்களா? "சின்னனில கேட்டம். இப்ப இந்தப் புதுப் பாலத்துச் சத்தத்துக்க எங்க?" நகரமே தன்னை மீன்பாடும் தேனாடு என்று அழைத்துக்கொள்கிறது. மாதத்தில் ஒரு பௌர்ணமி இரவு, ஒரே ஒரு மணிநேரம், புதுப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினால் என்ன? தேர்த் திருவிழாவுக்கு வீதியை மூடுகிற நாட்டில் இது பெரிய காரியமா?

அந்த ஒலியை மெய்யாகவே காது கொடுத்துக் கேட்டவர் விபுலானந்த அடிகள். கல்லடி உப்போடையில் அவர் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்துக்குப் பக்கத்தில் அவருடைய சமாதி. 1947இல், பழந்தமிழர் யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த யாழ்நூல் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். வாவியின் இசையை நீரரமகளிர் பாடுவதாகக் கற்பனை செய்ததும் அவர்தான். கடல் கடந்து வந்தவர்களையே தேடித் திரிந்த எனக்கு, காரைதீவில் பிறந்த இவர் ஒருவரே இந்தத் தண்ணீர் என்ன சொல்கிறது என்று கேட்டவர் என்று பட்டது.

பிறகு டச்பார். பெயர் ஒல்லாந்தருடையது, அங்கே வாழும் பறங்கியரின் பழைய பேச்சு போர்த்துக்கேயம் கலந்தது. தச்சும் கொல்லும் தெரிந்த கைகள். கலியாணம் என்றால் கப்ரிஞ்ஞா ஆட்டம். 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையை வாரிக்கொண்டு போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று சாய்ந்தது.

அந்தக் கடற்கரையில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் நீலம். ஆனால் அந்த நீலத்துக்குள்தான் ஹேர்மிஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9, திருகோணமலையை விட்டுத் தப்பி வந்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே தாக்கி மூழ்கடித்தன. அதில் 307 பேர் மாண்டார்கள். குண்டு போட வந்த தேசத்தின் பணத்தில் எழுந்த பாலத்தின் அருகேதான் மத்தியானம் தூண்டில்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கோத்துப் பார்ப்பதில்லை. பாலம் நல்ல பாலம், அவ்வளவுதான்.

கப்பலைப் பார்க்க விரும்புகிறவர்கள் படகில் போய், முதுகில் காற்றுக் குடுவை கட்டிக்கொண்டு ஐம்பது மீற்றருக்குக் கீழே இறங்க வேண்டுமாம். கால்நடையாக ஊர் பார்க்கிறவனுக்கு அது ஆகாது. பிரதான வீதிக்கு வந்து காத்தான்குடிக்குப் போகும் பஸ்ஸை மறித்தேன். இராச் சாப்பாடு அங்கே. நடுவீதியில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களையும் தொதலையும் அடுத்த இதழில் பார்ப்போம்.