மூன்று லீற்றர் தண்ணீர்

பாரிசில் மாதத்தின் முதலாவது புதன்கிழமை நண்பகலில் சைரன் ஊதும். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். கார் து நோர் பக்கம் புதிதாக வந்திறங்கிய எங்கடை பெடியன் முதல்தரம் அதைக் கேட்டால் வானத்தைத்தான் பார்ப்பான். பழைய ஆட்கள் சிரிப்பார்கள். 'பயிற்சி தம்பி, பிளேன் வராது.' உண்மையாகவே ஊதினால் என்ன செய்வது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. கட்டடத்துக்குள் போ, கதவு யன்னலைப் பூட்டு, வானொலியைக் கேள், பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்கு ஓடாதே என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. பிரெஞ்சில்.

இந்த நகரத்தில் இயற்கை அனர்த்தம் என்றால் 1910 தை மாதத்தில் சேன் நதி பெருகியதைச் சொல்வார்கள். ஒஸ்ரலிற்ஸ் பாலத்தடியில் 8.62 மீற்றர். ஆனால் எங்கள் காலத்தில் ஆட்களைக் கூடுதலாகக் கொன்றது வெயில். 2003 ஆகஸ்டில் மூன்று கிழமைக்குள் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியே வாழ்ந்தவர்கள்.

எங்கடை தொழிலில் வெயில் இரண்டு தரம் அடிக்கும். தெருவில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. பல றெஸ்ரோறன்ற் குசினிகள் நிலத்துக்குக் கீழே. நான் முன்பு வேலைசெய்த ஓரிடத்தில் புகை இழுக்கிற மெசின் ஒரு கோடை முழுதும் பழுதாய்க் கிடந்தது. கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அண்ணை ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், தலைசுற்றி விழுந்தார். முதலாளி கோலா ஒன்றைக் கொடுத்து அரைமணித்தியாலம் இருத்தினார். பிறகு அண்ணை தானாகவே எழும்பிப் போய்க் கழுவத் தொடங்கினார். 'விசா விசயம், வாயைத் திறந்துபோடாதை' என்று எனக்குப் புத்தி சொன்னார்.

2025 ஜூலை 1 முதல் இதற்கு ஒரு சட்டவிதி உண்டு. வானிலை நிலையம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கை விட்டால் முதலாளி வேலை நேரத்தை மாற்ற வேண்டும், காற்றோட்டம் பார்க்க வேண்டும், குளிர்ந்த குடிதண்ணீர் தரவேண்டும். குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆளுக்கு நாளுக்குக் குறைந்தது மூன்று லீற்றர். இத்தனை பாகைக்கு மேல் வேலை இல்லை என்று மட்டும் அதில் இல்லை. இதை வாசிப்பவர் கணக்காளர். வேர்ப்பவர் வேறு ஆள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். படித்ததில் மறக்காதது ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் நடுங்கி, அலை இலங்கைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரத்தில் எங்கடை கரைக்கு ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. முப்பதாயிரத்துக்கு மேல் செத்தார்கள். நடுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்த சிமலூ தீவில் ஏறக்குறைய 78,000 பேர். அலையில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் பட்ட அடியை அவர்கள் 'ஸ்மோங்' என்று ஒரு சொல்லாக்கி, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு. சைரன் இல்லை, கடதாசி இல்லை.

அதனால் இப்போது வேலைசெய்யும் குசினியில் தக்காளிப் பெட்டி மட்டை ஒன்றில் தமிழில் எழ்தி ஒட்டியிருக்கிறேன். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுத் தடுமாறினால் அது களைப்பில்லை, உயிர் போகிற விசயம். குளிர்ந்த இடத்தில் கிடத்து. ஈரத்துணி போடு. 15க்கு ரெலிபோன் எடு. கீழே எங்கள் கடை விலாசம், பிரெஞ்சு உச்சரிப்பில், தமிழ் எழுத்தில்.

வீட்டுக்கும் இரண்டு விசயம். விசா மட்டை, அகதிக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரே பிளாஸ்ரிக் பையில் கிடக்கட்டும். வெள்ளமோ நெருப்போ, கடதாசி போனால் எங்களுக்கு அது இரண்டாவது அனர்த்தம். பகலில் தனியே இருக்கும் அம்மா அப்பாவின் பெயரை நகரசபையில் பதியலாம். கடும் வெயிலில் ரெலிபோன் எடுத்து விசாரிப்பார்கள். பிரெஞ்சு வராது என்று பதியாமல் விடுகிறோம். பேத்தியின் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

அந்த அண்ணை இப்போது வேறொரு குசினியில். போன கோடையில் ரெலிபோன் எடுத்து மட்டையில் இருப்பதை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். அங்கே தமிழர் இரண்டு பேர், வங்காளிகள் மூன்று பேராம். வங்காளிகளுக்கு ஆர் சொல்லுறது என்று கேட்டேன்.

'எனக்குத் தெரிஞ்ச குசினிப் பிரெஞ்சிலை நானே சொல்லுறன்' என்றார்.