இரண்டு மில்லிமீற்றர்

லொக்ஹீட் ட்ரைஸ்ரார் விமானத்தில் ஏறியவர்கள் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் வீடுகளில் உள்ள பெரியவர்களில் பலர் அதில்தான் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். 1970 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 1972இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. கட்டியது மொத்தம் 250 விமானங்கள்தான், பிறகு லொக்ஹீட் கைவிட்டுவிட்டது. சிறகுகளின் கீழே இரண்டு எஞ்சின், வாலின் அடியில் மூன்றாவது. எயார் லங்கா 1980களில் கட்டுநாயக்காவுக்கும் லண்டனுக்கும் இடையே ஓட்டிய விமானங்களில் அதுவும் ஒன்று. வாலில் சிவப்பு மயில்.

அந்த விமானத்தின் பிளாஸ்ரிக் மாதிரி ஒன்றை ஜனவரியில் இருந்து மே வரை சனிக்கிழமைகளில், பாடற்குழுப் பயிற்சி முடிந்த பிறகு, ஆலய மண்டபத்தின் பின் அறையில் இருந்து ஒட்டினோம். பெட்டி எங்களுடையதல்ல. சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் சபை மூப்பர் ஒருவருடையது. 1983 நவம்பரில் ட்ரைஸ்ராரில் வந்து இறங்கியவர் அவர். அந்த ஆண்டில் ஏன் வந்தார் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சில ஆண்டுகள் கழித்து, முதல் நிரந்தர வேலை கிடைத்த மாதத்தில், இந்தப் பெட்டியை வாங்கினாராம். பிறகு பிள்ளைகள், இரவு வேலை, சபை வேலை. பெட்டி அலுமாரியின் மேலேயே இருந்துவிட்டது.

"இதை ஒட்டித் தருவியளா பிள்ளைகள்? நினைவு ஆராதனைக்கு மேசையில வைக்கவேணும்" என்று அன்ரி கொண்டுவந்து தந்தார். ஓம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆறு பேர் இருக்கிறோம், ஒரு விமானம் ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

பெட்டிக்குள் ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் சட்டத்தில் அப்படியே இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஒட்டப்பட்டிருந்தது, இடது சிறகின் எஞ்சின். மூப்பர் தொடங்கியிருக்கிறார், ஒரு மாலை நேரம் கிடைத்திருக்கிறது போலும். இந்தப் பசை பிளாஸ்ரிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும். மேற்பரப்பு இளகி, இரண்டு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, காய்ந்ததும் ஒரே துண்டாகிவிடும். இளகிய நேரத்தில் விரல் பட்டால் அந்த இடத்தில் ரேகை பதிந்துவிடும். எஞ்சின் கூட்டின் வெளிப்பக்கத்தில், பொருத்துக்கோட்டின் மேலேயே, ஒரு பெருவிரலின் ரேகை வட்டம் வட்டமாக இருந்தது.

அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மூடி, மற்ற வேலையைத் தொடங்கினோம்.

அளவு 1:144. நீள ரக ட்ரைஸ்ரார் 54 மீற்றருக்குச் சற்று மேல், மாதிரி 37 சென்ரிமீற்றரைத் தாண்டும். உடல் இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தோம். மூக்குச் சேர்ந்தால் வால் விரிந்தது. வாலைப் பிடித்தால் நடுவயிறு வாழைக்காய் போல வளைந்தது. ஒரு பாதி மற்றதைவிட அரை மில்லிமீற்றர் நீளமாகவும் இருந்தது.

இது ஏன் இப்படி என்று தேடி வாசித்தோம். உருகிய பொலிஸ்ரைரீனை மிகுந்த அழுத்தத்தில் உருக்கு அச்சுக்குள் செலுத்துவார்கள். ஆறும்போது அது சுருங்கும். தடித்த இடம் மெதுவாக ஆறும், மெல்லிய இடம் விரைவாக ஆறும், அதனால் சுருக்கம் ஒரே அளவாக இருக்காது. தடித்த இடங்களில் குழி விழும். முழுதாக ஆறமுன் அச்சிலிருந்து எடுத்தால், நீளமான மெல்லிய பாகம் முறுகிவிடும். அச்சும் பல ஆண்டு உழைத்தால் விளிம்பு தேய்ந்து, பிளாஸ்ரிக் கசிந்து ஓரமெல்லாம் சவ்வுபோல நிற்கும். எங்கள் பெட்டியில் குழி, முறுக்கு, சவ்வு மூன்றும் தாராளமாக இருந்தன. போதாததற்கு முப்பது வருடத்துக்கு மேல் அலுமாரியின் மேலே, வெப்பமூட்டியின் சூடு எழுகிற சுவரோரம் கிடந்திருக்கிறது.

கொதிக்காத சுடுநீரில் உடலின் பாதியைத் தாழ்த்தி, மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் வளைத்து, அப்படியே பிடித்துக் குளிர்நீரில் விட்டோம். பாதி திருந்தியது. மீதிக்கு, உள்விளிம்பு நெடுகிலும் சிறு பிளாஸ்ரிக் துண்டுகளை நாக்குப் போல ஒட்டி, மற்றப் பாதி அதற்குள் விழுந்து உட்காரும்படி செய்தோம். மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை நிரப்பினோம், இல்லாவிட்டால் இந்த மாதிரி வாலில் குந்திவிடும். பிறகு ஒரேயடியாக ஒட்டாமல், மூக்கிலிருந்து மூன்று விரலளவு ஒட்டி, இறப்பர் வளையம் போட்டு, அடுத்த சனிக்கிழமை வரை விட்டோம். அடுத்த கிழமை இன்னும் மூன்று விரலளவு. உடல் மட்டும் பெப்ரவரி முழுவதையும் தின்றுவிட்டது.

சிறகுதான் பெரிய சோதனை. வலது சிறகு சண்டித்தனம் செய்தாலும் ஒருவாறு வந்து சேர்ந்தது. இடது சிறகு உடலோடு சேருமிடத்தில் முன்விளிம்பில் ஒன்றுமில்லை, பின்விளிம்பில் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி. இரண்டு மில்லிமீற்றர் என்றால் சிறிதென்று நினைப்பீர்கள். 144ஆல் பெருக்கிப் பாருங்கள், உண்மையான விமானத்தில் அது 29 சென்ரிமீற்றர். சிறு பிள்ளை ஒன்று தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்க்கலாம். அந்த இடைவெளியைப் புட்டியால் நிரப்பலாம் என்றார்கள் சிலர். நிரப்பலாம்தான், ஆனால் புட்டி காயும்போது அதுவும் சுருங்கும், பிறகு வெடிக்கும். அகலமான இடைவெளிக்கு மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டை ஆப்புப் போலச் சீவி, பசையிட்டுச் செருகி, காய்ந்ததும் மிஞ்சியதை வெட்டிவிட்டு, மேலே மட்டும் புட்டி பூசுவதே சரி. சீவினோம். செருகினோம். தண்ணீர் தொட்டு அரத்தாளால் தேய்த்தோம். அடிவர்ணம் தெளித்தோம். அடிவர்ணம் இரக்கமில்லாதது, சாம்பல் நிறத்தின் மேல் ஒரு மயிரிழைகூட மறையாது. கோடு தெரிந்தது. மறுபடியும் புட்டி, மறுபடியும் அரத்தாள். இதை ஐந்து முறை செய்தோம்.

இதற்கிடையில் எங்களில் ஒருவர் புதிய பிரச்சினையொன்றைக் கண்டுபிடித்தார். எயார் லங்காவிடம் நீள ரகமும் இருந்தது, 500 என்ற குறுகிய ரகமும் இருந்தது. மூப்பர் வந்தது எதில்? குறுகியதென்றால் எங்கள் மாதிரி பிழை. உடலில் 28 மில்லிமீற்றரை வெட்டியெடுத்து மீண்டும் ஒட்டவேண்டும், சிறகுகளை நீட்டவும் வேண்டும், 500இன் சிறகு மற்றதைவிட நீளம். எட்டுக் கிழமை பாடுபட்டுச் சேர்த்த உடலை வெட்டுவதா? அன்ரியிடம் கேட்டோம். "கட்டையோ நெட்டையோ, மயில் இருந்தால் சரி" என்றார். விமானப் பிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். எங்களுக்கு அது பெரிய விடுதலை.

வாலிலுள்ள எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது. ட்ரைஸ்ராரின் அழகே அதுதான். இதே காலத்து டிசி-10இல் மூன்றாவது எஞ்சின் வாலின் நடுவே நேராகக் குழாய்போல இருக்கும். ட்ரைஸ்ராரில் காற்று மேலே உள்ள வாயால் புகுந்து, வளைந்து இறங்கி, உடலின் கடைசியில் இருக்கும் எஞ்சினுக்குப் போகும். அந்த எஞ்சினை, ஆர்பி211ஐ, செய்யப்போய்த்தான் றோல்ஸ் றொய்ஸ் 1971 பெப்ரவரியில் முறிந்துபோனது. பிரித்தானிய அரசு பொறுப்பெடுத்துக் காப்பாற்றியது. இவ்வளவு பாடுபட்டுப் பிறந்த எஞ்சினுக்கு எங்கள் பெட்டி தந்திருந்த வாய், இரண்டு பாதியும் சேர்ந்தபோது வட்டமாக வரவில்லை, முட்டை வடிவத்தில் வந்தது. ஒரு பேனை மூடியில் அரத்தாளைச் சுற்றி, உள்ளேயிருந்து சுழற்றிச் சுழற்றி வட்டமாக்கினோம். அதைச் செய்தது எங்கள் குழுவில் ஆகச் சிறிய தங்கச்சி. அவளுடைய விரல் மட்டுமே உள்ளே போனது.

எங்களை நடத்தும் அண்ணா, ஒரு நாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பல அவயவங்கள் ஒரே சரீரம் என்று மெல்லத் தொடங்கினார். அவருக்கு எதிலும் ஒரு பிரசங்கம் கிடைக்கும். "அண்ணா, அந்தச் சரீரத்தில அவயவங்கள் அளவாகப் பொருந்தும். இது பொருந்தாது, நீங்கள் வந்து கொஞ்சம் தேயுங்கோ" என்றோம். சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நன்றாகத் தேய்க்கிறார்.

ஏப்ரலில் தீப்பெட்டியைத் திறக்கவேண்டி வந்தது. இடது எஞ்சின் இல்லாமல் வர்ணத்துக்குப் போகமுடியாது. மூப்பர் ஒட்டியதிலும் பாகங்கள் பொருந்தவில்லை. பொருத்துக்கோட்டில் ஒரு படி நின்றது, ஆனால் அந்தப் படியின் மேல்தான் ரேகை. படியைத் தேய்த்தால் ரேகை போகும். ரேகையை விட்டால், மற்ற இரண்டு எஞ்சினும் வழுவழுவென்று இருக்க, இது மட்டும் தழும்போடு நிற்கும்.

எங்களுக்குள் கதைத்துக் கதைத்து முடிவுக்கு வரமுடியவில்லை. மூன்று பேர், தொடவே கூடாது, அவர் கையால் இருப்பது இது ஒன்றுதான் என்றார்கள். இரண்டு பேர், அரைகுறையாக விட்டால் அவர் தொடங்கியதை நாங்கள் முடித்ததாகாது என்றார்கள். ஒருவர் புதிதாக ஒரு எஞ்சினை வார்த்துப் போட்டுவிட்டு இதை அப்படியே அன்ரியிடம் கொடுக்கலாம் என்றார். குரல்கள் கொஞ்சம் உயர்ந்தன. கடைசியில் அன்ரியையே கூப்பிட்டோம்.

அவர் தீப்பெட்டியைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். தன் பெருவிரலை அதன் மேல் வைத்தார். பிறகு, "இது இருக்கக்கூடாது, தேயுங்கோ. ஜன்னல் கண்ணாடியில விரல் பட்டாலே துணி எடுத்துத் துடைக்கிற மனுசன். இதோட மேசையில வைச்சால் என்னை ஏசுவார்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். தொடக்கூடாது என்ற மூன்று பேரும்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனால் இண்டைக்கு வேண்டாம். ஒரு கிழமை என்னட்ட இருக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டு நிற்காமல் சமையலறைப் பக்கம் போய்விட்டார். தங்கச்சி தேய்த்தாள். ஐந்து நிமிட வேலை. அரத்தாளில் ஒட்டிய சாம்பல்தூளை அவள் உடனே கழுவவில்லை.

வர்ணத்தில் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளை எப்போதும் கஷ்டம், மெல்லிய பூச்சாகப் பலமுறை தெளிக்கவேண்டும். மயிலையும் சிவப்பு எழுத்துகளையும் ஒட்டுத்தாளில் நாங்களே அச்சிட்டோம். யன்னல் வரிசைக்கு மட்டும் பெட்டியோடு வந்த பழைய ஒட்டுத்தாளை நம்பினோம். அது மஞ்சளாகியிருந்தது. மண்டபத்தின் தெற்கு யன்னலில் மூன்று கிழமை ஒட்டிவைத்தால் வெயில் வெளுக்கவைக்கும். லண்டன் வெயிலுக்கும் அந்த வலு உண்டு என்பது எங்களுக்கே ஆச்சரியம். பழைய ஒட்டுத்தாள் தண்ணீரில் விட்டதும் நொறுங்கும், ஆகையால் முதலில் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்தோம். அப்படியிருந்தும் இடதுபக்கத்தில், சிறகுக்குப் பின்னால், ஒரு துண்டு பொடிப்பொடியாகப் போய்விட்டது. அந்த ஒன்பது யன்னல்களையும் தூரிகை நுனியால் கையாலே வரைந்தோம். கிட்ட வந்து பார்த்தால் தெரியும், ஒன்றிரண்டு சற்றுப் பெரிது.

நினைவு ஆராதனையன்று காலையில் விமானத்தை மலர்களுக்கும் மூப்பரின் படத்துக்கும் நடுவே வைத்தோம். நல்ல பக்கமான வலதுபக்கத்தைச் சபைக்குக் காட்டித்தான் வைத்தோம். இடது சிறகின் அடியில், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, அந்த இடைவெளியின் கோடு இன்னும் மெல்லியதாகத் தெரிகிறது. ஐந்தாவது முறைக்குப் பிறகு நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

அன்ரி ஆராதனைக்கு முன்னமே வந்து மேசையருகே நின்றார். மயிலைப் பார்த்தார். குனிந்து எஞ்சின்களைப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கமாகச் சுற்றிப் போனார்.

"சிறகுக்குப் பின்னால இருந்தவராம். இடப்பக்கம். இரவெல்லாம் சிறகும் அதின்ர நுனியில ஒரு லைற்றும்தான் தெரிஞ்சதெண்டு சொன்னவர்" என்று சொல்லி, நாங்கள் கையால் வரைந்த யன்னல்களில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். ஆகப் பெரிதாகிப்போன யன்னல் அது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வாகனங்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. அன்ரி இரண்டு கையாலும் விமானத்தைத் தூக்கி, இடதுபக்கம் சபைக்குத் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு, முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.