சுத்தியலுக்கும் வாளுக்கும் ஒரே பகடையா?

நம்ம ஹாஸ்டல்ல தாள், பென்சில், இருபது முகப் பகடை வச்சு 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுற அஞ்சு பேர்ல நானும் ஒருத்தன். போன செமஸ்டர்ல எங்க குழு உடையுற அளவுக்கு ஒரு சண்டை. காரணம், ஒரு போர்ச்சுத்தியல்.

"எதிரி உடம்பு முழுக்க இரும்புத் தகடு. நான் சுத்தியலால அடிக்கிறேன், இவன் வாளால வெட்டுறான். ரெண்டும் ஒண்ணுன்னா நான் எதுக்குடா சுத்தியல் எடுத்தேன்?" என்றான் மெக்கானிக்கல் நண்பன். நியாயம்தான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டுக்கும் சேதம் எட்டு முகப் பகடைதான். தகட்டுக் கவசத்தின் எண் 18. உங்கள் பகடையும் கூட்டல் எண்களும் சேர்ந்து அதைத் தொட்டால் அடி விழும். கையில் என்ன ஆயுதம் என்று கவசம் கேட்காது.

நிஜக் கவசம் கேட்டது. 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தகட்டுக் கவசத்தை வாளின் விளிம்பால் வெட்ட முடியாது. வளைந்த தகட்டில் அடி வழுக்கிப் போகும். அதனால் வீரர்கள் வேறு வழி தேடினார்கள். ஒன்று, சுத்தியலின் பின்பக்கக் கூர்மூக்கு. விசை அதேதான், பரப்பு குறைவு, அழுத்தம் அதிகம். நம்ம முதல் வருஷ பிசிக்ஸ்! இரண்டு, சுத்தியலின் தட்டை முகம். தகடு கிழியாவிட்டாலும் உள்ளே இருக்கும் ஆளுக்கு அதிர்ச்சி இறங்கும். மூன்று, தகட்டை விட்டுவிட்டு அக்குள், முகமூடி இடுக்கு என்று இடைவெளி தேடிக் குத்துவது. வாளின் அலகையே ஒரு கையால் பிடித்து ஈட்டி மாதிரி செருகுவார்கள்.

1485-ல் பாஸ்வர்த் போரில் செத்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-ல் லெஸ்டர் நகரில் கிடைத்தன. ஆய்வில் தெரிந்த காயங்கள் 11. அதில் 9 மண்டையோட்டில். தலைக்கவசம் இல்லாமல் போயிருக்கும், மற்ற இடங்களைக் கவசம் காத்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

இப்போ அந்த 18-ஐத் திரும்பப் பாருங்க. 17 விழுந்தால் 'குறி தப்பியது' என்று மட்டும் அர்த்தம் இல்லை. வாள் தகட்டில் பட்டு வழுக்கியது என்றும் படிக்கலாம். அதாவது இந்த விதி மூன்றாவது வழியை நன்றாகவே காட்டுகிறது. 'கர்ப்ஸ்' என்ற இன்னொரு விளையாட்டு துளைப்பதைக் காட்டுகிறது: சேதத்தில் கவசத்தின் எண்ணைக் கழி, குத்து என்றால் மிச்சத்தை இரண்டால் பெருக்கு. 1978-லேயே அட்வான்ஸ்டு டி அண்ட் டி ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒவ்வொரு கவச எண்ணுக்கும் தனித்தனியாக அட்டவணை போட்டது. ஒவ்வொரு அடிக்கும் அட்டவணை பார்த்தால் ஆட்டம் எப்போ முடியும்? பல குழுக்கள் அதைத் தொடவே இல்லை.

நாங்க ஒரே வரியில் முடிச்சோம்: தகட்டுக் கவசத்தை அடிக்கும்போது சுத்தியலுக்குப் பகடையில் கூடுதல் 2. துல்லியம் இல்லைதான். ஆனால் நண்பன் குழுவை விட்டுப் போகவில்லை. சண்டைக் காட்சியும் மெஸ் மூடுறதுக்குள்ள முடியுது.

நீங்களும் சீக்கிரம் ஏதாவது சிமுலேஷன் ப்ராஜெக்ட் பண்ணுவீங்க. 'எல்லாத்தையும் சேர்த்தாச்சா?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'எந்தக் கேள்விக்கு இது பதில் சொல்லணும்?'னு கேளுங்க. மீதியை எங்களோட உட்கார்ந்து பேசலாம். ஆறாவது ஆளுக்கு இடம் இருக்கு.