சாவிக் கொத்து

நாமக்கல்லில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பேச்சு இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஒன்று முட்டை விலை, இன்னொன்று லாரி வாடகை. அப்பாவுக்குப் பரமத்தி ரோட்டில் சின்னதாக ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஆஞ்சநேயர் காலண்டர், ஒரு லேப்டாப். 2018 ஏப்ரலில் மாநிலம் தாண்டும் சரக்குக்கு ஈ-வே பில் வந்தபோது, "இனி பேனாவ வெச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு" என்று சொல்லி வாங்கியது அது.

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து போயிருந்தேன். "இது என்னமோ மாட்டு வண்டியாட்டம் போகுது, கொஞ்சம் பாரு" என்றார். பிரவுசரைத் திறந்தேன். எதைத் தேடினாலும் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு தளத்துக்கு இழுத்துப்போனது. மேலே வலது மூலையில் இருக்கும் புதிர்த்துண்டு மாதிரியான படத்தை அழுத்தினேன். மொத்தம் பதினோரு எக்ஸ்டென்ஷன்கள். பிடிஎஃப் மாற்ற மூன்று, கூப்பன் தேட இரண்டு, வானிலைக்கு ஒன்று.

"யாருப்பா இதெல்லாம் போட்டது?"

"பில்லு டவுன்லோடு ஆவலைன்னு பக்கத்துக் கடைப் பையன் ஒண்ணு போட்டுக் குடுத்தான். மத்ததெல்லாம் அதுவா கேட்டுச்சு, நான் சரின்னேன்."

அதுவா கேட்டுச்சு. உண்மைதான், ஒவ்வொன்றும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறது. நிறுவும்போது ஒரு பெட்டி வரும். அதிலிருக்கும் ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால், நீங்கள் போகிற எல்லாத் தளத்திலும் இருப்பதைப் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி உண்டு என்று அர்த்தம். எல்லாத் தளம் என்றால் பேங்க், மெயில், ஈ-வே பில் எல்லாமும்தான். வானிலை சொல்ல வந்தவனுக்கு பீரோ சாவி எதற்கு?

அப்பாவுக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். லாரியை விற்றால் ஆர்.சி. புக்கில் பேர் மாறும், பழைய ஓனர் யார், புது ஓனர் யார் என்று தெரியும். எக்ஸ்டென்ஷனை எழுதியவர் அதை இன்னொருவருக்கு விற்றால் நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். வண்டி அதேதான், ஓட்டுகிற ஆள்தான் வேறு. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும். இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று சொல்லி கூகுளே குரோமிலிருந்து எடுத்துவிட்டது.

"அப்ப சாவியக் குடுக்கறப்பவே பாத்துக் குடுக்கோணும்" என்றார்.

இவ்வளவு பேசிய நான்தான் அடுத்த தப்பைச் செய்தேன். பதினொன்றையும் வரிசையாக 'ரிமூவ்' கொடுத்துத் தூக்கினேன். ஐந்து நிமிட வேலை. லேப்டாப் பறந்தது. அம்மா கொடுத்த அதிரசத்தைத் தின்றுகொண்டே, பெரிய சாதனை செய்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அப்பா புது டேப் ஒன்றைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு மஞ்சத்தாளு இருக்குமே கண்ணு?"

அந்தப் பதினொன்றில் ஒன்று குறிப்பெழுதும் எக்ஸ்டென்ஷன். எந்த டிரைவருக்கு எவ்வளவு அட்வான்ஸ், யாருக்குப் பேட்டா பாக்கி, யாரிடம் கைமாத்து என்று இரண்டு வருஷக் கணக்கை அதில்தான் தட்டி வைத்திருந்தார். அது எதையும் வெளியே அனுப்பாமல் அந்தக் கணினியிலேயே வைத்திருந்தது. அந்தவகையில் பதினொன்றிலும் யோக்கியமானது அதுதான். ஆனால் அப்படி வைத்திருப்பதை, எக்ஸ்டென்ஷனை நீக்கும்போது பிரவுசர் சேர்த்தே அழித்துவிடும். திரும்பி வராது. ரிமூவ் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்திருந்தால் எக்ஸ்டென்ஷன் ஓடாது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்திருந்தால் எது திருடன், எது நல்லவன் என்பதும் தெரிந்திருக்கும். சந்தேகமிருந்தால், நாம் அழுத்தும்போது மட்டும் வேலை செய் என்று அனுமதியைச் சுருக்கியிருக்கலாம். எல்லாம் எனக்குத் தெரியும். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை.

அப்பா திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டு, "தம்பி, கணக்கு அழிஞ்சுபோச்சு, உன்ற பாக்கி எவ்வளவுன்னு நீயே சொல்லு" என்றார். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அப்பாவுக்கு நினைவில் இருந்ததைவிட அதிகமாகவே இரண்டு பேர் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் பழைய டைரி ஒன்றுக்குள் வந்துவிட்டது.

ஒன்றைத் தவிர. அது அப்பா தரவேண்டிய பாக்கி. கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த டிரைவர் இல்லை. ஆறு மாசத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வீட்டம்மாவுக்குக் கணக்குத் தெரியாது. பொங்கலுக்குள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று அப்பா மஞ்சத்தாளின் தலையிலேயே எழுதி வைத்திருந்தாராம்.

"பதினெட்டாயிரமா, இருபத்தெட்டாயிரமா... எட்டுன்னு முடிஞ்சது மட்டும் நாவகம் இருக்குது."

அன்றிரவு அவர் தூங்கவில்லை என்று அம்மா சொன்னார். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ராசிபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பையில் இருபத்தெட்டு.

"பதினெட்டா இருந்துட்டாப்பா?"

"சாஸ்தியாக் குடுத்தா தூக்கம் வரும். கொறச்சலாக் குடுத்துட்டா வருமா?"

அந்தப் பத்தாயிரத்தை நான் அனுப்பிவிடுகிறேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"பாதி அனுப்பு. கேக்காம அழிச்சதுக்கு நீ, எழுதி வெக்காததுக்கு நானு."

இப்போது அந்த லேப்டாப்பில் இரண்டே எக்ஸ்டென்ஷன்கள். இரண்டையும் அப்பாவிடம் கேட்டுத்தான் போட்டேன். கணக்கு டைரியில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அவரே போன் செய்வார்: "அந்தப் புதிர் பொம்மைய அமுக்கிப் பாத்தேன் கண்ணு. ரெண்டேதான் இருக்குது."