பின்பாரம் கொக்கியைத் தூக்கும்!

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் அந்த விவசாயிக்கு இரண்டு ஏக்கர். மிளகு, வாழை, கொஞ்சம் அன்னாசி, ஓரத்தில் பலா மரங்கள். போன பலா பருவத்தில் சோளக்காடு சந்தைக்குக் கிளம்பியபோது டிராக்டர் டிரெய்லர் நிறைந்துவிட்டது. மிச்சமிருந்த பழங்களைச் சாக்குகளில் கட்டி, பின்கதவுக்கு வெளியே தொங்கவிட்டார். பள்ளி விடுமுறையில் இருந்த மகன் பின்கதவு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தோட்டத்துப் பாதையின் மேட்டில் டிராக்டரின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. டிரெய்லரின் மூக்கு கொக்கியோடு மேலே எழும்பியது. வண்டி பின்னால் சரிய, பையன் குதித்துவிட்டான். டிரெய்லர் மண் மேட்டில் முட்டி நின்றது. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பழங்கள் பள்ளத்தில் போயின.

சந்தையில் இதைக் கேட்ட ஒரு பெரியவர், சேந்தமங்கலம் பக்கம் மாட்டுவண்டி ஓட்டியவர், சிரிக்கவில்லை. “பின்பாரம் ஏத்திட்டே தம்பி. முன்பாரம்னா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும். பின்பாரம்னா பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிராக்டருக்குக் கொக்கிதான் கழுத்து.”

கணக்கும் அதுதான். இரண்டு சக்கர டிரெய்லர் ஒரு தராசு. அச்சிலிருந்து கொக்கி 8 அடி என்றால், அச்சுக்குப் பின்னால் 4 அடியில் தொங்கும் 100 கிலோ, கொக்கியை 50 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரத்தில் அழுத்தம் குறைந்து பிடிப்பு போகும். மேட்டில் பாரம் இன்னும் பின்னால் சாயும். சமதளத்தில் வேகமெடுத்தால் டிரெய்லர் வாலாட்டும். எல்லாவற்றையும் முன்னால் தள்ளுவதும் தப்பு. ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கி, ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

இப்போது அவர் கனமான பலாவை அடியில், அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் அடுக்குகிறார். வாழை இலைக் கட்டு போன்ற லேசானவை பின்னால். எதுவும் உருளாதபடி கயிறு. பின்கதவுக்கு வெளியே ஒரு சாக்குகூடக் கிடையாது. டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புகிறார். இறக்கும்போது பின்பக்கச் சரக்குதான் முதலில் இறங்கும்.

மிச்சமிருந்தால் இரண்டாவது நடை. டீசல் செலவு உண்டுதான். காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டால், அந்தச் செலவு அவருக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. மகன் இப்போது பஸ்ஸில்தான் சந்தைக்கு வருகிறான்.